காகித வீடு பற்றி ஒரு திருத்தம்

தம்பி,

இதை உன் பெட்டியில் சட்டைகளுக்கு நடுவே வைத்துவிட்டால் போதும்தான். ஆனாலும் எங்கள் பள்ளி ஆண்டு மலருக்கும் ஒரு பிரதி கொடுத்திருக்கிறேன். காரணம் இதுதான். ஆவடியில் பதினெட்டு வருடமாக எட்டாம் வகுப்புக்கு நான் ஜப்பான் பாடம் நடத்தி வருகிறேன். அதில் ஒரு பெரிய தவறு இருந்தது எனக்கு இந்த வருடம்தான் தெரிந்தது. தவறை ஒரு வகுப்பறை நிறையப் பிள்ளைகள் முன்னால் உரத்த குரலில் செய்துவிட்டு, திருத்தத்தை மட்டும் பெற்ற பிள்ளையின் காதில் கிசுகிசுப்பது நாணயமாகாது. என்னிடம் படித்தவர்கள் இப்போது அம்பத்தூர் எஸ்டேட்டிலும் பூந்தமல்லிக் கடைகளிலும் இருக்கிறார்கள். பொட்டலம் கட்டக் கிழிக்கும்போதாவது அவர்களில் ஒருவர் இந்தப் பக்கத்தைப் பார்க்கக்கூடும். நீயும் வசந்தியும் வியாழக்கிழமை கிளம்புகிறீர்கள், மூன்று வருடத்துக்கு. நீயும் என்னிடம்தான் அந்தப் பாடத்தைப் படித்தாய். ஆகவே விமானம் தரையிறங்கும் முன் உன்னை எச்சரிப்பது என் கடமை. நீ போகும் நாட்டைப் பற்றி உன் அம்மா சொன்னதில் பாதிதான் உண்மை.

உண்மையான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜப்பான் நான்கு பெரிய தீவுகளும் எண்ணி முடியாத சிறு தீவுகளும் கொண்ட நாடு. வடக்கே ஹொக்கைடோ, நடுவில் நீளமாக ஹொன்ஷு, தெற்கே ஷிகோகு, கியூஷு. நிலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு மலை. மிச்சமிருக்கும் இடத்தில் நெல்லும் ரயிலும் மனிதர்களும் மாம்பலம் பஸ்ஸில் நிற்பதுபோல் நிற்கிறார்கள். பூமியின் மேலோடு துண்டு துண்டாக நகர்கிறது என்று படித்தாய் அல்லவா, அப்படி நான்கு துண்டுகள் முட்டிக்கொள்ளும் நாற்சந்தியில் அந்த நாடு உட்கார்ந்திருக்கிறது. அதனால் எரிமலை உண்டு, பூகம்பம் உண்டு, கடல் எழுந்து ஊருக்குள் வருவதும் உண்டு. கோடை முடிகிற சமயத்தில் சூறாவளி வரும். வடமேற்குக் கரையில் குளிர்காலத்தில் வாசல் மறையும் அளவுக்குப் பனி கொட்டும். இதையெல்லாம் நடத்தும்போது என் வகுப்பு ஆடாமல் அசையாமல் இருக்கும். ஆவடிப் பிள்ளைகளுக்கு இயற்கைச் சீற்றம் என்றால் தண்ணீர் லாரி வராமல் இருப்பது, வந்துவிட்டால் குடங்கள் மோதிக்கொள்வது. பூமியே நகரும் என்றதும் வாய் பிளந்து உட்கார்ந்திருப்பார்கள். பிளந்த வாயைக் கண்ட எந்த ஆசிரியைக்கும் இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொல்லத் தோன்றும். அங்கேதான் கெட்டது.

நில அதிர்வுக்கு அஞ்சி அந்த மக்கள் மரத்தையும் காகிதத்தையும் கொண்டு இலேசான வீடுகள் கட்டிவந்தார்கள் என்ற பொருளில் பாடத்தில் ஒரு வாக்கியம் இருந்தது. அது நீளமாக இருந்ததால் நான் சுருக்கினேன். 'ஜப்பானியர் காகித வீடுகளில் வாழ்கின்றனர். காரணம் நிலநடுக்கம்.' இரண்டு மதிப்பெண். பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்யச் சுலபம், எனக்குத் திருத்தச் சுலபம். சுருக்கியதில் மரம் போயிற்று, இறந்தகாலமும் போயிற்று, காகிதம் மட்டும் நின்றது. கரும்பலகையில் ஒரு வீடு வரைந்து, அதன் சுவரை நோக்கி அம்புக்குறி போட்டு, 'காகிதம்' என்று எழுதுவேன். என் படங்களில் அதுதான் நன்றாக வரும்.

இனி உன் கதைக்கு வருகிறேன். நீயும் வசந்தியும் அம்பத்தூரில் வேலை முடிந்து ஒரே மின்சார ரயிலில் ஏறுவதும், நீ ஆவடியில் இறங்காமல் பட்டாபிராம் வரை போய்த் திரும்புவதும் எனக்குத் தெரியாது என்று ஆறு மாதம் நினைத்துக்கொண்டிருந்தாய். எனக்கு முதல் மாதமே தெரியும். சீசன் டிக்கெட்டைப் பட்டாபிராம் வரை மாற்றி வாங்கியவன், துவைக்கப் போடும் சட்டையிலிருந்து அதை எடுத்திருக்க வேண்டும். வசந்தியின் அப்பா துலுக்காணம் உன் அப்பா வேலை பார்க்கும் தொழிற்சாலையிலேயே கிரேன் ஓட்டுபவர். அவருடைய அப்பா நெமிலிச்சேரியில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். நம் பக்கத்தில் சில பேரும் அவர்கள் பக்கத்தில் சில பேரும் ஜாதியைச் சொல்லி முணுமுணுத்தார்கள். உன் அப்பா இரண்டு தரப்புக்கும் மாறி மாறித் தலையாட்டியே அவர்களைக் களைப்படைய வைத்தார். அவர் வாழ்நாளில் செய்த புரட்சி அது ஒன்றுதான், அதையும் உட்கார்ந்தபடியே செய்தார். கார்த்திகையில் பேச்சு முடிந்தது. தை பிறந்ததும் நிச்சயதார்த்தம் என்று நாள் குறித்தோம். உன் கம்பெனி உன்னை ஜப்பானுக்கு அனுப்புகிறது, கல்யாணமாகி வசந்தியும் உன்னோடு வருவாள் என்பதைத் துலுக்காணம் கேட்டுக்கொண்டார்.

பொங்கல் வாரத்தில் கோபே நகரத்தில் பூமி நடுங்கியது. பக்கவாட்டில் சாய்ந்து கிடந்த மேம்பாலத்தையும் எரியும் தெருக்களையும் தொலைக்காட்சியில் எல்லாரும் பார்த்தோம். அந்த ஊரில் ஆயிரக்கணக்கானவர்கள் தூக்கத்திலேயே போய்விட்டார்கள். அதைப் பற்றி வேடிக்கையாக எழுத எனக்கு மனமில்லை. வேடிக்கை முழுவதும் ஆவடியில்தான் நடந்தது. துலுக்காணம் நிச்சயதார்த்தத்தை நிறுத்திவைக்கச் சொல்லி ஆள் அனுப்பினார். ஜாதியைத் தாண்டி வந்த கல்யாணம் பூகோளத்தில் மாட்டிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை அவரே வந்தார். கையில் பழுப்பு அட்டை போட்ட ஒரு நோட்டு. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, காபியைத் தொடாமல் சொன்னார்.

"தப்பா நெனச்சிக்காதீங்க டீச்சரம்மா. மாப்பிள்ள மேல ஒரு கொறயும் இல்ல. ஊடுதான் சரியில்ல."

நம் குவார்ட்டர்ஸைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, ஒழுகிக் கறைபட்ட கூரையை நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் சொன்னது ஜப்பான் வீட்டை. பூமி ஆடுகிற ஊரில் காகிதத்தில் வீடு கட்டி வாழ்கிறவர்களிடம் பெண்ணை எப்படி அனுப்புவது என்று கேட்டார். இதை யார் சொன்னது என்று நான் கொஞ்சம் அதிகாரமாகவே கேட்டேன். அவர் நோட்டைப் பிரித்து என் முன்னால் வைத்தார். வசந்தியின் எட்டாம் வகுப்புப் பூகோள நோட்டு. குண்டு குண்டான கையெழுத்தில் என் வாக்கியம், அதன் மேல் சிவப்பு மையில் என் டிக், பக்கத்தில் 'மிக நன்று', கீழே தேதியோடு என் கையெழுத்து. இவ்வளவு சுத்தமான சாட்சியம் எந்தக் கோர்ட்டிலும் கிடைக்காது.

"நான் பள்ளிக்கூடம் போனவன் இல்ல," என்றார். "சாயங்காலம் அது சத்தம் போட்டுப் படிக்கும், நான் பக்கத்துல குந்திகினு கேப்பேன். உலகம் உருண்டைன்றதே நீங்க சொல்லிக் குட்துதான் எனக்குத் தெரியும். அத்த நம்பிட்டேன். இத்த எப்பிடி டீச்சரம்மா நம்பாம உட்றது?"

ஆசிரியப் பயிற்சியில் இதற்குப் பதில் சொல்லித் தரவில்லை. அது எட்டாம் வகுப்புக்கான பாடம் என்று சமாளித்தேன். ஒன்பதாம் வகுப்பில் வேறு ஜப்பானா என்று கேட்டார். அங்கே எத்தனையோ கோடிப் பேர் வாழவில்லையா, ஒன்றும் ஆகாது என்றேன். கோபேயிலும் முந்தின நாள் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள் என்றார். அப்போது நீ உதவிக்கு வந்தாய். நீ வேலை செய்யப்போகும் ஊருக்கும் கோபேக்கும் நல்ல தூரம், சென்னையிலிருந்து விழுப்புரம் போகிற தூரத்துக்கும் மேல் என்றாய். துலுக்காணத்தின் அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர் விழுப்புரம். காலையில் கிளம்பினால் மத்தியானச் சோற்றுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறவர் அவர். "கிட்டதான கீது," என்று நோட்டை மூடிக்கொண்டு எழுந்தார்.

மறுநாள் முதல் நான் மாணவியானேன். கிளை நூலகத்தில் ஜப்பானைப் பற்றி இருந்த இரண்டே புத்தகங்களையும் எடுத்துவந்தேன். இரண்டிலும் நூலகச் சீட்டு வெள்ளையாக இருந்தது. படித்தபோதுதான் தெரிந்தது, வீடு மரத்தால் ஆனது. காகிதம் ஒட்டுவது உள்ளே இருக்கும் தள்ளுகதவுகளில், மரச் சட்டங்களின் மேல், வெளிச்சம் மெதுவாக உள்ளே வருவதற்காக. அதோடு நிறுத்தியிருந்தால் மகிழ்ச்சியாக இருந்திருக்கும். செய்தித்தாளையும் படித்துத் தொலைத்தேன். கோபேயில் அதிகம் விழுந்தவை, தலையில் கனமான ஓடு சுமந்த பழைய மர வீடுகள்தான் என்று போட்டிருந்தது. ஆக, சரியான விடை தவறான விடையைவிட ஆறுதலாக இல்லை. இதை எடுத்துக்கொண்டு துலுக்காணத்திடம் போக எனக்குத் தைரியம் வரவில்லை. இதற்குள் ஆவடி முழுவதும் அவருக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்திருந்தது. ரேஷன் கடையில், ஷிஃப்ட் முடியும் வாசலில், பார்த்தவர்கள் எல்லாம் ஒன்றும் ஆகாது என்றார்கள். அவர்களில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள். அவர்களுக்கும் காகித வீடு நன்றாக நினைவிருந்தது. குறித்த நாளும் போயிற்று. நீ பட்டாபிராம் வரை போவதை நிறுத்திவிட்டாய். வசந்தி வேறு ரயிலில் போக ஆரம்பித்திருந்தாள், உன்னிடம் பேசிவிட்டு அப்பா முகத்தைப் பார்க்க முடியவில்லை என்று.

நகமுராவை வீட்டுக்குக் கூப்பிடலாம் என்று நீ சொன்னதை உன் வாழ்நாளின் சிறந்த யோசனையாக நான் பதிவு செய்கிறேன். உன் கம்பெனியில் புது மிஷின்களைப் பொருத்த ஜப்பானிலிருந்து வந்திருந்த அவரை அம்பத்தூர் அதற்குள் நாகமுத்து சார் ஆக்கியிருந்தது. ஞாயிறு மத்தியானம் அவரும், துலுக்காணமும் மனைவியும் வசந்தியும் வந்தார்கள். நகமுரா வாசலில் ஷூவைக் கழற்றி, முனை வெளிப்பக்கம் பார்க்கும்படி திருப்பி வைத்தார். பிறகு நம் எல்லாருடைய செருப்புகளையும் ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை தாங்காமல் உன் அப்பா போய் அவற்றை வரிசைப்படுத்தினார். இலை முன்னால் உட்கார்ந்து கைகூப்பி ஒரு சொல் சொல்லிவிட்டுச் சாப்பிட்டார். ரசத்தைப் பெரிய சத்தத்தோடு உறிஞ்சினார். அங்கே நூடுல்ஸை அப்படித்தான் சாப்பிடுவார்கள், அதில் மரியாதைக் குறைவு இல்லை என்று நீ விளக்கினாய். உன்னை எத்தனை முறை இதற்காக அடித்திருக்கிறேன் என்பதை நினைத்து நான் இலையைப் பார்த்துக்கொண்டேன்.

துலுக்காணம் நோட்டைக் கொண்டுவந்திருந்தார். கை கழுவியதும் நேராகக் கேட்டார். நீ மொழிபெயர்த்தாய்.

"சார், உங்க ஊடு காகிதமா?"

நகமுரா வெகுநேரம் யோசித்தார். நேர்மையான மனிதர்கள் எனக்கு ஏன் ஆகாது என்பது அன்றுதான் புரிந்தது. கதவு காகிதம்தான், சின்ன வயதில் விரலை விட்டு ஓட்டை போட்டு அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன் என்றார். அதை நீ ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னாய். துலுக்காணம் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "டிக்கு கரீட்டாத்தான் போட்டுகீறீங்க," என்றார். அவர் மனைவி புடவையால் வாயை மூடிக்கொண்டாள், சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. அடுத்த கேள்வி, பூகம்பம் வருமா என்பது. வராது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும் என்று நான் வேண்டிக்கொண்டேன்.

வரும் என்றார். மாலையானால் இருட்டும் என்று சொல்வதுபோல் சொன்னார். சொல்லிவிட்டு எழுந்து, நம் சாப்பாட்டு மேசையின் மேலிருந்த இஸ்திரித் துணிகளை ஓரமாக வைத்தார். கட்டிலிலிருந்து ஒரு தலையணையை எடுத்துக்கொண்டு மேசைக்கு அடியில் புகுந்தார். மண்டியிட்டுத் தலைக்கு மேல் தலையணையைப் பிடித்து, இன்னொரு கையால் மேசைக் காலைப் பற்றிக்கொண்டு, அங்கிருந்தே பாடம் நடத்தினார். நீ குனிந்து நின்று மொழிபெயர்த்தாய். முதலில் மேசைக்கு அடியில் போக வேண்டும். ஆட்டம் நின்றதும் கேஸை அணைக்க வேண்டும். கதவைத் திறந்து வைக்க வேண்டும், நிலை கோணிக்கொண்டால் பிறகு திறக்காது. லிஃப்டில் ஏறக்கூடாது. கடலோரமாக இருந்தால் கடலை வேடிக்கை பார்க்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும், எதை மறந்துவிட்டாலும் திரும்பி வரக்கூடாது. தண்ணீர், டார்ச், மருந்து வைத்த பை எப்போதும் வாசலருகே இருக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் பழக்கம். வயதான அவர் அம்மா கண்ணாடித் துண்டுகளை மிதிக்காமல் இருக்கக் கட்டிலடியில் செருப்பு வைத்துக்கொண்டுதான் தூங்குகிறாள்.

"நவுருங்க சார்," என்று துலுக்காணமும் உள்ளே புகுந்தார். மேசைக்கு அடியில் இரண்டு பேர். துலுக்காணம் நான்கு கால்களையும் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார். இது தாங்காது, ஸ்க்ரூ எல்லாம் லூஸாக இருக்கிறது என்று அடியிலிருந்து உன் அப்பாவுக்குத் தகவல் வந்தது. உன் அப்பா தலையாட்டினார். நகமுராவும் ஒரு காலைப் பிடித்து ஆட்டிப் பார்த்து, வருத்தத்தோடு ஆமோதித்தார். அந்த இரண்டு பேருக்கும் அதற்கு மேல் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. வெளியே வந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு துலுக்காணம் பேசினார்.

"ஆவடி பூரா என்னாண்ட ஒண்ணும் ஆவாது, ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லிகினு கீது. இவரு ஒருத்தருதான் ஆவும்னு சொன்னாரு. ஆனா இன்னா செய்யணும்னும் சொன்னாரு. நான் தெனம் கிரேன்ல ஏறச்சொல்ல கொக்கி, ரோப்பு, பிரேக்கு எல்லாம் பாத்துட்டுதான் ஏறுவேன். ஒண்ணும் ஆவாதுன்னு ஏறுறவன்கூட நான் வேல செய்ய மாட்டேன்."

அப்புறம் அவர் செய்ததை, இத்தனை நாளில் நானோ நீயோ உன் அப்பாவோ செய்யவில்லை. வசந்தியின் பக்கம் திரும்பி, நீ என்னம்மா சொல்கிறாய் என்று கேட்டார். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"டீச்சர், எட்டாவதுல நான் ஒண்ணு கேட்டேன், ஞாபகம் இருக்கா? காகித வீடுன்னா மழை பெஞ்சா என்ன பண்ணுவாங்கன்னு. பரீட்சைக்கு வராது, உக்காருன்னீங்க. அதைப் போய்ப் பாத்துட்டு வரேன்."

தம்பி, எனக்கு அது ஞாபகம் இல்லை. அதுதான் எனக்குப் பட்ட அடி. பதினெட்டு வருடத்தில் எத்தனை பேரை உட்காரச் சொல்லியிருக்கிறேனோ. நீ அவள் சொன்னதை நகமுராவுக்குச் சொன்னாய். அவர் முகம் மலர்ந்தது. 'அமாதோ' என்றார். 'மழைக்கதவு' என்று பொருளாம். காகிதக் கதவுகளுக்கு வெளியே வரிசையாக மரக்கதவுகள் இருக்கும், மழை வந்தால் இழுத்து மூடிக்கொள்வார்கள். பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி கடைசி பெஞ்சிலிருந்து ஒரு நாட்டின் கட்டடக் கலையை எட்டிப் பிடித்துவிட்டிருக்கிறாள். நடுவில் நான் நின்றிருக்கிறேன். எல்லார் முன்னிலையிலும் நோட்டில் அந்த வாக்கியத்தை அடித்துச் சரியாக எழுதினேன். மார்க்கை மட்டும் குறைக்க வேண்டாம் என்று துலுக்காணம் கேட்டுக்கொண்டார். குறைக்கவில்லை. அந்த வாரமே நிச்சயதார்த்தம். வைகாசியில் கல்யாணம்.

அறிவுரை சொல்லாமல் ஒரு தாய் கடிதத்தை முடித்தால் அஞ்சல் துறையே ஏற்றுக்கொள்ளாது. வீட்டுக்குள் போடும் செருப்பு வேறு, கழிவறைக்கு வேறு. இரண்டையும் மாற்றிப் போட்டால் அந்த நாட்டில் உன் பெயர் நிலைத்துவிடும். குளியல் தொட்டியில் இறங்குவதற்கு முன் வெளியே நன்றாகத் தேய்த்துக் குளித்துவிடு, தண்ணீர் வீட்டிலுள்ள எல்லாருக்கும் பொது. சாப்பிடும் குச்சிகளைச் சோற்றில் நட்டு வைக்காதே, அது அவர்களுக்குச் சாவு வீட்டு வழக்கம். அவர்கள் 'ஹை' என்றால் ஆமாம் என்று நினைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடாதே, பல சமயம் காதில் விழுகிறது என்றுதான் பொருளாம். நம் மொழியைப் போலவே அவர்கள் மொழியிலும் வினை கடைசியில்தான் வரும். வாக்கியம் முடியும்வரை உண்டா இல்லையா என்று தெரியாது. உன் அப்பாவோடு வளர்ந்தவனுக்கு இது சிரமமாக இருக்காது. போன அன்றே மேசைக் கால்களை ஆட்டிப் பார். வசந்தி பயப்படும் நாளில், ஒன்றும் ஆகாது என்று மட்டும் சொல்லாதே, அவளோடு உட்கார்ந்து பையில் என்ன வைப்பது என்று யோசி. அவள் ஏதாவது கேட்டால், உனக்குப் பதில் தெரியாத நாளிலும், உட்காரச் சொல்லாதே.

துலுக்காணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். கல்யாணப் பந்தியிலேயே நெமிலிச்சேரி உறவுகளுக்கு அவர் ஜப்பானை நடத்தி முடித்துவிட்டார். நான்கு தீவு, முக்கால் பங்கு மலை, மரத்தில் வீடு, வெளியே மழைக்கதவு. குறுக்கே கேள்வி கேட்ட ஒரு பெரியவரை, சாப்பாட்டைப் பாதியில் நிறுத்திப் பந்தி மேசைக்கு அடியில் நுழைந்து பார்க்கச் சொன்னார். பெரியவர் நுழைந்தார். என் பதினெட்டு வருடத்தில் எனக்கு இப்படி ஒரு வகுப்பு வாய்த்ததில்லை. நேற்றுச் சாயங்காலம் துலுக்காணம் ஷிஃப்ட் முடிந்து நேராக இங்கே வந்து, காபி முழுவதையும் குடித்து முடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைக்காமல் கையிலேயே சுற்றிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"டீச்சரம்மா, இந்தப் பாஸ்போர்ட்டு ஃபாரம் எங்க தராங்கோ? ஒரு வாட்டி நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துர்லாம்னு கீறேன்."

தனக்கு மட்டும்தான் கேட்டார். இன்று பள்ளிக்கு அரை நாள் விடுப்பு எடுத்துப் போய், இரண்டு வீட்டுக்குமாக நான்கு வாங்கி வந்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா